பாஸ்வேர்டு: மேற்படி

1. பதினோரு பேர்

அன்று காலை நான் கடையின் ஷட்டரைத் தூக்கும்போது வெளியே பதினோரு பேர் நின்றார்கள். திருப்பாதிரிப்புலியூரில் ஓர் இன்டர்நெட் சென்டர் வாசலில் அத்தனை பேர் நிற்பது பரீட்சை ரிசல்ட் அன்றைக்குத்தான். அன்று ரிசல்ட் எதுவும் இல்லை.

முன்னால் நின்றவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கோவிந்தராசன்.

“சார், நான் நெல்லிக்குப்பம் சம்பந்திக்கு மெயில் அனுப்பியிருக்கேனாம்.”

“என்ன மெயில்?”

“ஏழே நாள்ல தொப்பையைக் கரைக்கலாம்னு. படத்தோட.” குரலைத் தாழ்த்தினார். “அந்த மனுசனுக்குத் தொப்பை ஜாஸ்தி சார். வேணும்னே அனுப்புனேன்னு நெனச்சிக்கிட்டு, பொண்ணு வளைகாப்புக்கு வரமாட்டேங்கிறாரு.”

அவருக்குப் பின்னால் நின்ற அண்ணாகிராமத்து முந்திரி வியாபாரி அதே மெயிலைத் தன் பேங்க் மேனேஜருக்கு அனுப்பியிருந்தார். இன்னொருவர் தனக்குத் தானே அனுப்பிக்கொண்டு, தன்னைக் கிண்டல் செய்வது யார் என்று இரண்டு நாளாகக் கொதித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக நின்றது ஸ்டெல்லா. நர்சிங் முடித்த பெண். அவள் யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை. அவளால் மெயிலைத் திறக்கவே முடியவில்லை.

“சார், வெளிநாட்டு ஆஸ்பத்திரிலேருந்து இன்டர்வியூ லெட்டர் வந்திருக்குதாம். ஏஜென்சி மேடம் போன் பண்ணாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ‘வர்றேன்’னு பதில் போடணும். அப்ளிகேஷன்ல இருக்கிற மெயில்லேருந்துதான் போடணுமாம். இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்க.”

வேலை, வரன், வியாபாரம் என்று எல்லாம் தேடித் தரும் ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து தகவல்கள் களவு போனதாக முந்தின நாள் பேப்பரில் படித்திருந்தேன். படித்துவிட்டு, “ஜனங்களுக்குக் கொஞ்சமும் ஜாக்கிரதை கிடையாது” என்று மனைவியிடம் சொல்லவும் செய்தேன். அந்தப் பதினோரு பேரையும் அந்தத் தளத்தில் பதிவு செய்துவிட்டவன் நான்தான்.

2. பேரேடு

இந்தத் தொழிலுக்கு வரப்போகிறவர்களுக்காக இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் படிக்காதவன் அல்லன். சிதம்பரத்தில் எம்.ஏ. முடித்து, இருபத்தெட்டு வருடம் ஓர் அலுவலகத்தில் பதிவேடு எழுதி, ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கடையைத் திறந்தேன். கடையில் நான்கு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லாங்சைஸ் நோட்டு.

முதல் நாள் வந்தவர் அந்த முந்திரி வியாபாரிதான். மெயில் ஐடி வேண்டும் என்றார். பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று கேட்டேன்.

“நீங்களே ஒன்னு போடுங்க சார். எனக்கு மறந்துரும்.”

என் கடைப் பெயரையும் அதன் பின்னால் ஒன்று இரண்டு மூன்றையும் போட்டேன். நோட்டில் பெயர், மெயில் ஐடி, பாஸ்வேர்டு என்று கட்டம் கட்டி எழுதினேன். இரண்டாவதாக வந்தவரும் “நீங்களே போடுங்க” என்றார். அதே பாஸ்வேர்டைப் போட்டு, நோட்டில் இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் ‘மேற்படி’ என்று எழுதினேன்.

அப்படி அறுநூறு பேருக்கு மேல் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்திலும் பாஸ்வேர்டு கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை மேற்படி, மேற்படி, மேற்படி. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று நானே ரசித்ததுண்டு. அந்த நோட்டு கவுண்டரில் சணல் கயிற்றில் தொங்கும். யார் வேண்டுமானாலும் புரட்டலாம்.

மீட்பு எண் என்று மெயில்காரன் கேட்ட இடத்தில் எல்லாருக்கும் என் செல்போன் நம்பர்தான். பாஸ்வேர்டு மறந்தால் புதுசு போடுவதற்கான ‘கோடு’, அதாவது ஆறு இலக்க ரகசிய எண், அந்த நம்பருக்குத்தான் வரும். வசதிக்காகச் செய்தேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. பூட்டைத் திறக்க எல்லாரும் என்னிடம் வந்து நிற்கவேண்டும் என்ற ஆசை மீதி பாதி. ஓய்வு பெற்றவனைத் தேடி வேறு யார் வருகிறார்கள்?

அந்த இணையதளத்தில் பதிவு செய்தபோதும் மெயிலுக்குப் போட்ட அதே பாஸ்வேர்டைத்தான் போட்டேன். ஆக, ஒருவருடைய பாஸ்வேர்டு களவு போனபோது அறுநூறு பேருடையதும் போய்விட்டது. திருடனுக்கு நான் வேலையே வைக்கவில்லை.

3. பழைய நம்பர்

மற்றவர்களை உட்காரவைத்துவிட்டு ஸ்டெல்லாவின் மெயிலை எடுத்தேன். யாரோ தூரதேசத்திலிருந்து நுழையப் பார்த்ததால் மெயில்காரன் பூட்டிவிட்டிருந்தான். திறக்க வேண்டுமானால் செல்போனுக்கு ஒரு கோடு வரும், பத்து நிமிடத்துக்குள் போட வேண்டும் என்றது திரை. அனுப்பு என்று தட்டினேன். கடைசி இரண்டு எண்களைக் காட்டியது. அது என் பழைய நம்பர்.

அந்த நம்பரை நான் விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. டவர் சரியில்லை என்று வேறு சிம் வாங்கி, பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அறுநூறு வீட்டுச் சாவி அதில் இருப்பது ஞாபகத்துக்கே வரவில்லை.

அந்த நம்பருக்குப் போன் போட்டேன். பின்னால் நாயனச் சத்தம்.

“யாருங்க? சவுண்ட் சர்வீஸ் முருகையன் பேசறேன், சிதம்பரம்.”

“இப்ப உங்களுக்கு ஒரு ஆறு இலக்க நம்பர் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் சொல்ல முடியுமா?”

“சொல்லமாட்டேன்.”

“இல்லைங்க, அது என்னோட பழைய நம்பர்…”

“எல்லா திருட்டுப் பசங்களும் இதைத்தான் சொல்றானுங்க. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்கன்னு போன மாசம் பூரா ஆட்டோல மைக்கு கட்டி ஊர் ஊராச் சொன்னதே நான்தான். என்கிட்டயேவா?”

போனை வைத்துவிட்டார். மறுபடி போட்டால் எடுக்கவில்லை. மணி பதினொன்றரை. ஸ்டெல்லா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“வாங்க சார், பஸ்ஸைப் புடிப்போம்.”

4. காதுகுத்து மண்டபம்

மற்ற பத்துப் பேரையும் மறுநாள் வரச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். சிதம்பரத்தில் இறங்கி நான்கைந்து பந்தல்காரர்களிடம் விசாரித்ததில் முருகையன் ஒரு காதுகுத்து விசேஷத்தில் இருப்பது தெரிந்தது. மண்டபத்தை அடைந்தபோது மணி இரண்டு. பந்தி நடந்துகொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபயர் பெட்டி பக்கத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்.

“மைக் டெஸ்டிங். ஃபோர், செவன், டூ, நைன், ஜீரோ, ஒன்.”

எண்ணிப் பார்த்தேன். ஆறு இலக்கம்.

“அது என்ன நம்பருங்க?” என்று கேட்டேன்.

“தெனம் வருது சார். போன வாரத்துலேருந்து மழை மாதிரி கொட்டுது. எப்பப் பாத்தாலும் ஒன் டூ த்ரீயே சொல்லி எனக்கும் அலுத்துப் போச்சு. அதான் வர்றத வாசிச்சிடறேன்.”

“யாருக்கும் சொல்லக்கூடாதுன்னீங்களே?”

“இது யாருக்கும் சொன்னதில்ல சார். மைக் டெஸ்ட்டு.”

என் வாடிக்கையாளர்களின் சாவிகளெல்லாம் ஒரு வாரமாகச் சிதம்பரத்தின் வீதிகளில் ஒலிபெருக்கியில் ஒலித்திருக்கின்றன. எந்தப் பூட்டுக்கு எது என்று கேட்டவர்களுக்குத் தெரியாததால் தப்பித்தோம்.

நான் யாரென்று சொன்னேன். முருகையன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மொதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. அவுங்க அவுங்க மெயிலுக்கு அவுங்க அவுங்க நம்பரைத்தானே போடணும்? உங்க நம்பரை எதுக்குப் போட்டீங்க?”

வேறு வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே பாஸ்வேர்டு போட்டதை, நோட்டைத் தொங்கவிட்டதை, சிம்மைத் தூக்கிப் போட்டதை, எல்லாரும் என்னைத் தேடி வரவேண்டும் என்று ஆசைப்பட்டதை. சொல்லச் சொல்ல மண்டபத்தில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. என் குரல் மட்டும் கூரையிலிருந்து திரும்பி வந்தது. கீழே வைத்த மைக்கை முருகையன் அணைக்கவில்லை.

மூன்றாவது வரிசையில் ஒருவர் கையில் சாம்பார் சோறுடன் எழுந்தார். என் தெருக்காரர்.

“மாமா, அப்ப என்னுதும் மேற்படிதானா?”

“ஆமாம் மாப்ளே.”

“நல்லா இருக்கு போங்க” என்று உட்கார்ந்துவிட்டார். பாயசம் வந்துகொண்டிருந்தது.

முருகையன் மைக்கை அணைத்தார். ஸ்டெல்லா தன் போனில் புதிய கோடு கேட்டாள். அவருடைய போன் டிங் என்றது. நான் கையை நீட்டினேன். அவர் என்னைச் சட்டை செய்யாமல், ஒரு மொய்க் கவரின் பின்பக்கத்தில் எண்ணை எழுதி ஸ்டெல்லாவிடம் கொடுத்தார்.

“உன் மெயிலு, உன் கையில குடுக்கறேன். இவருகிட்ட காட்டாதம்மா.”

அவள் எண்ணைப் போட்டாள். கதவு திறந்தது. கடிதம் அங்கே இருந்தது. அதற்குள் திரை புதிய பாஸ்வேர்டு கேட்டது. ஸ்டெல்லா தலை நிமிர்ந்தாள்.

“சார், தப்பா நெனச்சிக்காதீங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.”

திரும்பி நின்றேன். எதிரே வாழைமரத் தோரணம். என் தொழிலில் நான் முதன்முதலாக ஒழுங்காகச் செய்த காரியம் அதுதான். இரண்டே முக்காலுக்குப் பதில் போய்ச் சேர்ந்தது. மீட்பு எண்ணில் தன் நம்பரைப் போட்டுவிட்டுத்தான் அவள் பாயசம் குடித்தாள்.

5. திருத்தம்

அடுத்த ஒரு மாதம் நோட்டில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். வேறு எங்கும் போடாத ஒரு பாஸ்வேர்டை அவர்களையே யோசித்துப் போடவைத்தேன். அவர்கள் போனுக்கே கோடு வரும்படி இரண்டாவது பூட்டும் போட்டோம். என் பழைய நம்பரை எல்லாவற்றிலிருந்தும் எடுத்தோம். மைக் டெஸ்டிங்கில் மறுபடி ஒன் டூ த்ரீ வந்துவிட்டதாக முருகையன் போனில் வருத்தப்பட்டார். நெல்லிக்குப்பம் சம்பந்திக்கு நானே நேரில் போய் விளக்கினேன். நம்பினார். வளைகாப்புக்கும் வந்தார். தொப்பை அப்படியேதான் இருந்தது.

கோவிந்தராசன் சார் மட்டும் கடைசிவரை, “நீங்களே ஒன்னு போட்டுடுங்களேன்” என்று மன்றாடினார். நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். முக்கால் மணி நேரம் யோசித்துப் போட்டார்.

நோட்டை எரிக்க மனம் வரவில்லை. புதிய பக்கத்தில் மறுபடி கட்டம் கட்டினேன். முதல் வரியில் ஸ்டெல்லா. பாஸ்வேர்டு என்ற இடத்தில் ‘எனக்குத் தெரியாது’ என்று எழுதினேன். அதற்குக் கீழே அறுநூறு பேருக்கும், அழகான கையெழுத்தில், மேற்படி.