நாற்பது கோப்பை, ஒரு பட்டாளத்துப் பருந்து

பீங்கானில் படம் எழுதும் வேலையில் ஒரு தொல்லை உண்டு: தப்பு எழுதும்போது தெரியாது, சூளையிலிருந்து வெளியே வந்த பிறகுதான் தெரியும், அப்போது அழிக்க முடியாது. தையல்காரர்களே, பெயர்ப்பலகை எழுதுகிறவர்களே, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர்களே, உங்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். எழுபதுகளில் விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் பட்டறையில் இருந்தேன். சாமி பொம்மைக்குக் கண் எழுதுவேன், ஊறுகாய் ஜாடிக்குப் பூப் போடுவேன். ராணுவத்துக்கு எழுதியது ஒரே ஒரு தடவைதான்.

குனிந்த தலை

ஹவில்தார் ராஜவேலு திட்டக்குடிப் பக்கத்துக்காரர். ராணுவத்தின் குட்டி விமானங்களுக்கு மெக்கானிக். அவருடைய ரெஜிமெண்டு தொடங்கிய நாளைக் கொண்டாடப் போகிறார்கள் என்றதும், எங்கள் ஊர்ப் பக்கம் பீங்கான் செய்கிறார்கள், நான் கொண்டுவருகிறேன் என்று பெரிய அதிகாரியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு லீவில் வந்திருந்தார். நாற்பது கோப்பை. ஒவ்வொன்றிலும் ரெஜிமெண்டின் சின்னம். லீவு முடிவதற்குள் கையில் வேண்டும்.

கைக்குட்டையைப் பிரித்து ஒரு துணிச் சின்னத்தை வைத்தார். சிவப்புத் துணியில் நீல நூலால் தைத்த பருந்து, அதன் கீழே ஒரு பீரங்கி. பருந்து தலையைத் தொங்கப் போட்டிருந்தது. பட்டாளத்துப் பருந்து நிமிர்ந்து பார்க்க வேண்டாமா என்று கேட்டுவிட்டேன். அவர்கள் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர்களாம். பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று மேலே பறந்து பார்த்து ரேடியோவில் சொல்வதுதான் வேலையாம்.

"நாங்க குண்டு போடறவங்க இல்லம்மா, குனிஞ்சி பாத்துச் சொல்றவங்க. நீ தலைய நிமுத்திட்டீன்னா அது வேற யாரோ ஆயிடும்" என்றார்.

முதலாளியின் யோசனை

எங்கள் முதலாளிக்கு எதையும் கொஞ்சம் கூட்டிப் போட்டால்தான் திருப்தி. பிள்ளையார் பொம்மைக்கே கைக்கடிகாரம் கட்டலாமா என்று ஒருமுறை கேட்டவர். சின்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பருந்து காலுல ஒரு துப்பாக்கி குடுத்தா எடுப்பா இருக்குமே?" என்றார்.

ஹவில்தார் கோபப்படவில்லை. தங்கள் விமானத்தில் துப்பாக்கியே கிடையாது, தகரமும் துணியுமாக ரெண்டு பேர் உட்காரும் வண்டி அது என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "துப்பாக்கி இருந்திருந்தா திருப்பிச் சுட்டிருப்பாங்கல்ல, மொதலாளி" என்றார்.

சாம்பல் நிறம்

எங்கள் சூளைச் சூட்டில் சிவப்பு ஈரல் நிறமாகிவிடும். ஆகவே சிவப்பை விட்டுவிட்டு, வெள்ளையில் நீலப் பருந்து என்று முடிவானது. ஆனால் எங்கள் நீலச் சாயம் சூளைக்குப் போகுமுன் நீலமாக இருக்காது. அழுக்குச் சாம்பலாக இருக்கும். இதை வெளியாளுக்குச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றுவதே இல்லை.

பருந்தின் தலையும் உடம்பும் மட்டும் எழுதி முடித்திருந்த அன்று ஹவில்தார் வந்தார். வரிசையாக நாற்பது சாம்பல் பருந்தைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. தமிழில் பாதி, இந்தியில் பாதி என்று கத்தித் தீர்த்துவிட்டார். பக்கத்து மணையில் பீரங்கி எழுதிக்கொண்டிருந்த ரெஜினா தலையைக்கூடத் தூக்கவில்லை.

"சூளை பிரியட்டும்ண்ணே. இப்ப திட்டுறத அப்ப வந்து திட்டலாம்" என்றாள்.

ஓர் இறகு

அவள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். சூளை பிரித்த அன்று பார்த்தால், நீலம் என்றால் அப்படி ஒரு நீலமாக வந்திருந்தது. ஹவில்தார் ஒரு கோப்பையை எடுத்துச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அடுத்ததை எடுத்தார், அதற்கடுத்ததையும் எடுத்தார். "இந்த றெக்கை யாரு எழுதுனது?" என்றார்.

நான்தான். துணிச் சின்னத்தில் இடது சிறகில் ஐந்து இறகு, வலதில் நான்கு. அந்த வலது சிறகின் நடுவில் ஓர் இறகு அளவுக்கு வெறும் துணி. பழைய சின்னம், நூல் அறுந்து போயிருக்கிறது என்று நினைத்து, நாற்பதிலும் ஐந்தாவது இறகைச் சேர்த்துவிட்டேன். உடைந்ததை ஒட்டியும் விட்டதை நிரப்பியும் பழகிய கை. அதில் எனக்குப் பெருமை வேறு.

அவர் வெளியே போய்க் களிமண் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். சண்டையில் அவர்கள் விமானம் ஒன்று போய்த் திரும்பி வரவில்லையாம். அதற்குப் பிறகு அந்த ரெஜிமெண்டில் யாரும் அந்த ஓர் இறகைத் தைப்பதில்லையாம். "அந்த விமானத்துச் சக்கரத்துக்கு முட்டுக் குடுத்திருந்த கட்டைய எடுத்து அனுப்பிவச்சவன் நான்தாம்மா. எல்லாக் கதையும் ஒன்கிட்ட சொன்னேன், இத மட்டும் சொல்ல வாய் வரல. இப்ப இத எப்படி அவங்க முன்னால வெப்பேன்?" என்றார். அவருடைய லீவில் இன்னும் மூன்றே நாள். புதிதாகச் செய்து, உலர்த்தி, சுட்டு எடுக்க வழியே இல்லை.

சூளையில் கோப்பை அடியில் ஒட்டும் மணலைத் தேய்த்தெடுக்க ஒரு கரடுக்கல் வைத்திருப்போம். அதை எடுத்துக்கொண்டு நானும் ரெஜினாவும் உட்கார்ந்தோம். மினுமினுப்போடு சேர்த்து, அந்த ஓர் இறகை மட்டும் ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தோம். ரெண்டு பகல் ஆயிற்று. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. நீலம் போயிற்று. ஆனால் அந்த இடம் பளபளப்பில்லாமல், சொரசொரவென்று வெள்ளையாக நின்றது. இதற்கும் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன்.

ஹவில்தார் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரல் சிறகின் மேல் நகர்ந்து, அந்தச் சொரசொரப்பில் வந்து நின்றது. ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

"துணியில கண்ணுக்கு மட்டுந்தாம்மா தெரியும். இதுல டீ குடிக்கிறப்பல்லாம் வெரலுக்கும் தெரியும்" என்றார்.

அத்தனை வருஷம் எழுதிய என் கை உருப்படியாகச் செய்த வேலை எது என்று கேட்டால், எழுதியதைச் சுரண்டி எடுத்த அந்த நாற்பது இடம்தான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.