கிருத்திகை நாள் சாம்பார்

ஜெகதீசன் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கடையின் பின்கட்டில் முக்காலி போட்டு, வீங்கிய கால்களை அகட்டி வைத்து, மடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். அதற்கென்று ஆள் இருந்தது. ஆனாலும் கடையின் முதல் வேலை என்றைக்கும் அவர் கையால்தான் தொடங்கும்.

திருப்போரூரில் பஸ் நிலையத்துக்கும் முருகன் கோயிலுக்கும் நடுவே, 1991-இல் ஓலைக் கொட்டகையில் ஆரம்பித்த ஓட்டல் அது. இட்லி விற்றே இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்தார். கான்கிரீட் கூரையும் போட்டார். மகன் சிறுசேரிக்குக் கார் ஓட்டப் போய்விட, மருமகள் துர்காதேவி கல்லாவில் உட்கார்ந்தாள். அரிசி எங்கே வாங்குவது என்பதிலிருந்து பேத்திக்கு எப்போது காது குத்துவது என்பது வரை அவர் வைத்ததுதான் சட்டம். கொஞ்ச நாளாகச் சர்க்கரை. மறதியும் சேர்ந்துகொண்டது. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், “நான் இன்னா கொயந்தையா?” என்பார். கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

மாஸ்டர் வரதன் வந்தான். வெங்காயத்தைப் பார்த்துச் சற்று நின்றான். பிறகு ஒன்றும் சொல்லாமல் அடுப்பைப் பற்றவைத்தான்.

கூட்டம் சேர்ந்த நேரம். மாதாமாதம் கோவளத்திலிருந்து கோயிலுக்கு வரும் உலகநாதன், இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்த கையை அப்படியே நிறுத்தினார்.

“இன்னா ஜெகதீசா, கிருத்திகை அன்னிக்கு வெங்காயம் கீது!”

கிருத்திகையன்று வெங்காயம், பூண்டு கூடாது என்பது ஜெகதீசனே போட்ட விதி. விரதக்காரர்கள் அதை நம்பித்தான் இந்தக் கடையைத் தேடி வந்தார்கள். வரிசையாக இலைகள் மூடப்பட்டன. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒருவர் வாசலில் போய் வாய் கொப்பளித்தார்.

ஜெகதீசன் சமையல்கட்டுக்குள் பாய்ந்தார். “டேய் வரதா, இன்னிக்கு இன்னா நாளுன்னு தெரியாது உனக்கு?”

“தெரியும் மொதலாளி.”

“அப்புறம் இன்னாத்துக்குடா போட்ட?”

“நீங்களே குந்திகினு உரிக்கிறீங்க. நான் இன்னா சொல்றது? போன மாசம் நீங்க வச்ச ரசம் புளிக்குதுன்னேன், கரண்டியத் தூக்கிகினு வந்தீங்க.”

துர்காதேவி கல்லாவை விட்டு எழுந்து வந்திருந்தாள். “நானுந்தான் பாத்தேன் மாமா. சொன்னா கத்துவீங்கன்னு வுட்டுட்டேன்.”

கத்துவதற்கு வாயைத் திறந்தார். அப்படியே அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். சாம்பாரைக் கொட்டிவிடலாம், உலகநாதனின் காலில்கூட விழலாம். கூடவே இருக்கும் இரண்டு பேர், பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்தார்களே, அதை என்ன செய்வது? அடுத்த முறை எது கெட்டாலும் இப்படித்தான் இருப்பார்கள். கடை நிற்காது.

“அண்டாவக் கவுத்துடு” என்றார். அன்றைய நாளைத் தேங்காய்ச் சட்னியை வைத்தே ஓட்டினார்கள்.

மறுநாள் காலை வழக்கம்போல் எழுந்து குளித்தார். கடைச் சாவியைத் துர்காதேவியிடம் நீட்டினார்.

“இனிமே அடுப்பு விசயம் நீயும் வரதனும் பாத்துக்குங்க. நான் வந்து எதுனா தப்பா சொன்னா, வேணாம்னு சொல்லு.”

“கத்துவீங்களே மாமா.”

“கத்துவேன். கத்துனாலும் சொல்லு.”

அவள் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். வெயில் ஏறிய பிறகு அவர் வாசல் வழியாகக் கடைக்குள் வந்து, மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, வரதன் வைத்த பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, இலையைத் தானே எடுத்துப் போட்டார்.