மெய்ப்புத் தாளின் பின்பக்கத்தில் அண்ணன்

சொந்தங்களுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் வணக்கம்.

அண்ணன் போய் ஒரு வருடம் முடிகிறது. இன்றைக்கு வந்து படையலில் கலந்துகொண்டு, சாப்பிட்டு, போகும்போது இந்த நினைவு மலரையும் வாங்கிக்கொண்டு போகிறீர்கள். கூடப்பிறந்தவள் என்ற முறையில் என்னை ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா, பழசையெல்லாம் கெளறாத" என்றார் பெரிய மாமா. நல்லதை எழுதுகிறேன். பழசையும் எழுதத்தான் போகிறேன். மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அண்ணன் மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பாவுக்கு ஒன்றரைக் காணி மானாவாரி நிலம். மழை பெய்த வருடம் கடலை, பெய்யாத வருடம் கடன். அண்ணன் தலைப்பிள்ளை, நான் கடைசி. நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஜெயங்கொண்டத்தில் பள்ளி முடித்து, தமிழ் படிக்கக் கல்லூரியில் சேர்ந்தார். அப்பா படுக்கையில் விழுந்ததும் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டு, அரியலூரில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலைக்குப் போனார். என்னை டைப்ரைட்டிங் படிக்க வைத்ததும், பெரம்பலூரில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள்வரை அவர் விரல் நகங்களில் கறுப்பு மை இருந்தது.

தொண்ணூற்றைந்தில் அந்த அச்சகத்தை மூடினார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு ஈய எழுத்தைக் கோர்க்க யார் வேண்டும்? பெரிய மாமா ஆலத்தியூரில் யாரையோ பிடித்து, சிமெண்ட் ஆலையில் கேட்டருகே சீட்டு எழுதும் வேலைக்குச் சொல்லிவைத்தார். அண்ணன் போகவில்லை. அந்தக் குறை மாமாவுக்கு இன்றுவரை தீரவில்லை.

அண்ணனுக்கு அப்போதே ஒரு பழக்கம் இருந்தது. மாதாமாதம் வரும் நாவல்களை வாங்கிப் படித்து, எந்தப் பக்கத்தில் எந்த வரியில் என்ன தப்பு என்று பட்டியல் போட்டு, பதிப்பகத்துக்கே இன்லேண்டு லெட்டரில் அனுப்புவார். பதில் வந்ததில்லை. ஒருமுறை கடிதத்துக்குப் பதில் ஒரு பார்சல் வந்தது. சென்னையில் ஒரு பதிப்பக முதலாளி, "இவ்வளவு கண்டுபிடிக்கிறவர் அச்சாகுறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருங்களேன்" என்று எழுதி, ஒரு நாவலின் மெய்ப்பை அனுப்பியிருந்தார். மெய்ப்பு என்றால் அச்சுக்குப் போகுமுன் திருத்துவதற்காக எடுக்கும் படி. வரி வரியாகப் படித்து, சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அன்றிலிருந்து கடைசிவரை அண்ணனுக்கு அதுதான் பிழைப்பு. திருச்சி மாவட்டம் என்று வந்துகொண்டிருந்த பார்சல் பெரம்பலூர் மாவட்டம் என்று வந்தது, அரியலூர் மாவட்டம் என்று ஒரு வருடம் வந்தது, மறுபடி பெரம்பலூர் மாவட்டம் என்று வந்தது. மாவட்டம்தான் மாறியது. அண்ணன் அரியலூரில் அதே வாடகை வீட்டில், அதே ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

எழுத்துப் பிழையை மட்டும் பார்த்துவிட்டுக் காசு வாங்குகிறவர் இல்லை அவர். ஒரு நாவலில் கதாநாயகி பெரம்பலூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினாள். பெரம்பலூரில் எங்கே ஸ்டேஷன், எங்கே ரயில்? அண்ணன் அவளை அரியலூரில் இறக்கி, டவுன் பஸ்ஸில் ஏற்றி, நாலு வரி சேர்த்து அனுப்பினார். புத்தகம் வந்ததும், எங்கள் பக்கத்தை நேரில் பார்த்ததுபோல எழுதியிருக்கிறார் என்று அந்த எழுத்தாளருக்குப் பாராட்டுக் கடிதம் வந்ததாம். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

உங்களுக்கெல்லாம் அண்ணன் எப்படித் தெரியும்? காதணி விழாப் பத்திரிகை அடிக்கும்போது தெரியும். "மச்சான், பேரு எதுவும் விட்டுப்போயிருக்கான்னு ஒரு தடவ பாத்துக் குடுங்க" என்று வருவீர்கள். மற்ற நாளில் அவர் கதை படிக்கிற உத்தியோகக்காரர். "மாப்ள, இந்த மாசம் எத்தன லவ்வு முடிச்ச?" என்று பெரிய மாமா சபையில் கேட்பார், எல்லோரும் சிரிப்பீர்கள். அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். அண்ணி தையல் மெஷினை மிதித்துக் குடும்பத்தை ஓட்டியதால்தானே அவரால் சிரிக்க முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் நாவல் எழுதினார் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஏழு மணிவரை தன் எழுத்து. அதற்குமேல் அடுத்தவர் எழுத்து. ஆறு வருடம் எழுதினார். பெயர், 'வெள்ளாற்றுக்கு இந்தக் கரை'. புதுத் தாள் வாங்கவில்லை. அடுத்த மெய்ப்போடு ஒத்துப்பார்க்கத் திரும்பி வரும் பழைய மெய்ப்புத் தாள்கள், புத்தகம் வெளிவந்த பிறகு வீட்டில் குவிந்து கிடக்கும். ஒரு பக்கம் அச்சு, சிவப்பு மைக் கீறல். மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில் நீல மையில் பொடிப்பொடியாக எழுதினார். "நல்ல தாளும்மா, வீணாப் போவுது பாரு" என்பார்.

முதலாளியிடம் நாவலைப் பற்றிப் பேச்செடுத்த போதெல்லாம், "நீங்க எழுத்தாளர் ஆயிட்டா எங்க புக்கையெல்லாம் யார் சார் பாக்குறது?" என்று சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாராம். வருடக்கணக்காக இதையே கேட்ட பிறகு, ஒருநாள் போனில், "சரி, அனுப்புங்க. இந்த வருசமே போட்டுடலாம்" என்றார். பக்கத்து வீட்டுப் போனில் பேசிவிட்டு அண்ணன் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்ததாக அண்ணி சொல்வார்.

அனுப்புவதற்கு முன்னால் ஒருத்தராவது படித்துச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டார். பஸ் ஏறி பெரம்பலூர் வந்து தாள்கட்டை என் கையில் கொடுத்தார். "அவசரமில்லம்மா. உண்மையச் சொல்லு, போதும். நல்லால்லன்னாலும் சொல்லு" என்றார். மூன்று மாதம் என்னிடம் இருந்தது. வந்து எடுத்துக்கொண்டு போனபோது நான் சொன்னேன், "ரொம்ப நல்லாருக்குண்ணே. முடிவு வந்தப்ப அழுதுட்டேன்" என்று. அண்ணன் கட்டை வாங்கிப் பைக்குள் வைத்தார். கண் கலங்கிவிட்டது. நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

நகல் எடுக்காமல் பார்சலில் அனுப்பினார். என்னண்ணே என்று பிறகு கேட்டதற்கு, "அச்சாவப் போறதுதானே" என்றார். இரண்டு மாதம் கழித்து விசாரித்தால், கட்டைக் காணோம். மேலே வைத்திருந்த கடிதத்தை எடுத்து ஃபைலில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அடியில் இருந்த கட்டைப் புரட்டிப் பார்த்த ஆள், அச்சடித்த பக்கத்தையும் சிவப்பு மையையும் பார்த்து, எப்போதோ வந்துபோன நாவலின் பழைய மெய்ப்பு என்று முடிவுகட்டி, கழிவுத் தாளோடு போட்டுவிட்டார். போனில் முதலாளி வருத்தம் தெரிவித்தாராம். கூடவே, "வெள்ளைத் தாள்ல எழுதியிருந்தா இப்படி ஆயிருக்குமா சார்?" என்றும் கேட்டாராம். அடுத்த வாரமே திருத்தச் சொல்லி வேறொருவர் நாவல் வந்தது. அதையும் உட்கார்ந்து திருத்தி அனுப்பினார் அண்ணன். அந்தப் பொறுமையை நற்குணம் என்று இங்கே எழுத வேண்டுமாம். எனக்கு மனசு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் புதிதாக வாங்கிய பெரிய நோட்டு. முகத்தில் துக்கமே இல்லை.

"ஒக்காரும்மா. முழுசாப் படிச்சது ஒலகத்துலயே நீ ஒருத்திதான். எனக்கு முன்பாதி ஓரளவுக்கு ஞாபகம் இருக்கு. பின்பாதியில என்ன எந்த எடத்துல வச்சேன்னு குழம்புது. நீ ஞாபகம் இருக்கறதச் சொல்லு. வரிசையாச் சொல்லணும்னு இல்ல. நான் புடிச்சுக்குறேன்."

நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போனேன். பால் இல்லை, ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"கடைசில... அந்தப் பொண்ணு செத்துப்போவாளேண்ணே. ஆஸ்பத்திரில. அவன் மழையில ஓடியாருவானே, அதுதான் எனக்கு..."

அண்ணன் எழுதவில்லை. என்னையே பார்த்தார்.

"அதுல ஒருத்தரும் சாவலயேம்மா" என்றார். பேனாவை மூடிவிட்டு, "நீ அந்தப் பக்கத்தப் படிச்சிருக்க" என்றார்.

ஆமாம். நான் அந்தப் பக்கத்தைத்தான் படித்தேன். மூன்று மாதம் பீரோவுக்கு மேல் கிடந்த கட்டை, அவர் வருகிறார் என்று தெரிந்த பிறகு எடுத்துப் பிரித்தேன். பொடிக் கையெழுத்தைப் பார்த்ததும் சலிப்பு வந்தது. திருப்பினால் அச்செழுத்து, யாரோ எழுதிய காதல் கதை. அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சமாகப் படித்தேன், சுவாரசியமாக இருந்தது. அதில்தான் அந்தப் பெண் செத்தாள். அதற்குத்தான் அழுதேன். அண்ணன் எழுதியதில் ஒரு பக்கம்கூட நான் படிக்கவில்லை. பதிப்பகத்து ஆளைத் திட்டி மேலே எழுதியிருக்கிறேனே, அவனாவது யாரோ ஒருவன். நான் யார்?

என்னைத் திட்டியிருந்தால் ஆறியிருக்கும். "பரவால்ல விடு, ஒனக்கும் வேல இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, நோட்டைப் பைக்குள் வைத்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். ரசம் நன்றாக இருக்கிறது என்றார்.

அதன்பிறகு இரண்டு வருடம் இருந்தார். முதல் நாலு அத்தியாயத்தை நோட்டில் எழுதி, நிறுத்திவிட்டார். ஐந்து மணிக்கு எழும் பழக்கம் போகவில்லை, எழுந்து சும்மா உட்கார்ந்திருப்பார் என்று அண்ணி சொல்கிறார். சர்க்கரை ஏறியது, கண் மங்கியது, சிறுநீரகம் கெட்டது. திருச்சி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். போகும்போது வயது ஐம்பத்திரண்டு. காரியம் முடிவதற்குள் பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆழ்ந்த இரங்கல், கைவசம் உள்ள மெய்ப்பை உடனே அனுப்பிவைக்கவும் என்று. அண்ணிதான் கட்டி அனுப்பினார்.

நன்றி சொல்லி முடிப்பது வழக்கம். நேரம் காலம் பார்க்காமல் தங்கள் காரில் திருச்சிக்குக் கொண்டுபோன பக்கத்து வீட்டுக் குடும்பத்துக்கு நன்றி. கண் மங்கிய பிறகு பார்சலைத் தானே பிரித்து, முதல் வரியை வாசித்துக் காட்டிவிட்டுப் போன கூரியர் அலுவலகத் தம்பிக்கு நன்றி. பன்னிரண்டு வருடம் மெஷினை மிதித்தபடி, ஒரு நாளும் "இந்த எழுத்து நமக்குச் சோறு போடுமா?" என்று கேட்காத அண்ணிக்கு, நன்றி என்ற சொல் போதாது. துக்கத்துக்கு வந்தவர்கள், மாலை போட்டவர்கள், பெரிய மாமா உட்பட, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

என் பங்குக்கு ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மலர் உங்கள் வீட்டில் ஏதாவது அலமாரி மேல் கிடக்கும், எனக்குத் தெரியும். படிக்க நேரமில்லை என்றால் படிக்காதீர்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். ஆனால் எங்காவது கல்யாண வீட்டில் என்னைப் பார்க்கும்போது, "மலர்ல எழுதியிருந்தியே, ரொம்ப நல்லாருந்துச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் அண்ணன் நோட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தார்.