பைக்கு ஒன்று கழித்தவள்

மலாயாவின் இந்த ஈப்போ ஊரில் சீனர் கடையில் சீனி வாங்கினால் கெட்டிக் காகிதப் பையோடு சேர்த்தே நிறுத்துத் தருகிறார்கள். பைக்குக் கழிக்கும் பேச்சே கிடையாது. வந்த புதிதில் எனக்கு மனசு கேட்கவில்லை. தெரிந்த அரைகுறை மலாயில், காகிதத்தைக் கழியுங்கள் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, பையைத் தொட்டுக் காட்டி "கெர்தாஸ், கெர்தாஸ்" என்றேன். கடைக்காரர் நல்ல மனிதர். இன்னொரு காகிதப் பையை எடுத்துக் கையில் கொடுத்தார். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பேச்சியம்மாளின் ஞாபகம் வந்தது.

போடிநாயக்கனூரில் நான் மூன்றாம் பாரத்துக்கு, அதாவது எட்டாம் வகுப்புக்கு, கணக்கு எடுத்த காலத்தில் அவள் என் வகுப்பில் படித்தாள். அவளுடைய அப்பா ஏலக்காய் மண்டியில் மூட்டை எடை போடுபவர். "பாஸானா படி. பெயிலானா குரங்கணி மலைக்குச் சித்தி கூடக் காய் எடுக்கப் போ" என்று கறாராகச் சொல்லி வைத்திருந்தார். அல்ஜீப்ரா என்றாலே பிள்ளைகள் பேயறைந்தது மாதிரி உட்கார்ந்திருக்கும். அதனால் நான் ஒரு தராசும் புளியங்கொட்டையும் கொண்டுபோனேன். பழைய சேலையில் தைத்த சின்னப் பைதான் எக்ஸ். ஒரு தட்டில் பையும் மூன்று கொட்டையும், மறு தட்டில் பதினொன்று. இரண்டு பக்கமும் மும்மூன்றை எடுத்தால் பைக்குள் எத்தனை?

எல்லாரும் எட்டு என்றார்கள். பேச்சியம்மாள் மட்டும் ஏழு என்றாள்.

"பைக்கு ஒண்ணு கழிக்கணும்ல டீச்சர்? எங்கப்பா சாக்குக்குக் கழிச்சுத்தான எழுதுவாக?"

பையைத் தனியாக நிறுத்துப் பார்த்தேன். சரியாக ஒரு கொட்டை எடை இருந்தது! அடி கெட்டிக்காரி என்று வகுப்பையே கைதட்டச் சொன்னேன். அத்தோடு விட்டேன். தராசு விளையாட்டிலேயே நாள் ஓடியது. நோட்டில் கணக்குப் போட வைக்காமலே பரீட்சை வந்துவிட்டது.

தாளைத் திருத்தியவர் வேறொரு ஆசிரியர். அல்ஜீப்ரா கணக்கு அத்தனையிலும் அவள் விடை ஒன்று குறைவு. பெயில். நான் தலைமையாசிரியரிடம் மன்றாடினேன். தப்பு தப்புதானே அம்மா என்றார். மண்டிக்கே ஓடி அவள் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"சாக்கைக் கழிக்காம எப்படி டீச்சர் நிறுக்கிறது? எம்மக சரியாத்தான எழுதிருக்கு?"

"பரீட்சைக் கணக்குல பையே கிடையாதுண்ணே."

"இல்லாத பையை எதுக்கு வச்சுச் சொல்லிக் குடுத்தீக?"

மறுவாரம் அவளை மலைக்கு அனுப்பிவிட்டார்கள். போகும் வழியில் என் வீட்டு வாசலில் நின்றாள். சித்தி "வெரசா வாடி" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். "டீச்சர், நான் எங்க தப்புப் பண்ணேன்?" என்று கேட்டாள். தலையைத் தடவி அனுப்பினேன். பாவி, நான் செய்த பிழைக்கு அவள் மலையேறினாள்.

கல்யாணமாகிக் கப்பலேறி வந்து, இங்கே ரப்பர் தோட்டப் பள்ளியில் முதல் நாள் தராசைத் தூக்கியபோதுதான் புத்தியில் பட்டது. எதிர்த் தட்டில் ஒரு வெறும் பையை வைத்திருந்தால் போதும். பைக்குப் பை சரியாகியிருக்கும். கழிக்க வேண்டியிருந்திருக்காது. அவள் ஒரு நிமிடத்தில் பிடித்திருப்பாள்.

இப்போது ஒவ்வொரு வருடமும் வெறும் பையை வைத்துத்தான் தொடங்குகிறேன். பிள்ளைகள் டக்கென்று புரிந்துகொள்கிறார்கள். நான் மட்டும் விளக்கத்தை நிறுத்துவதில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதை, கடல் தாண்டி வந்து, அந்தக் கேள்வியைக் கேட்காத பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.