ஆகாசம் அண்ணி படித்த எட்டுப் பக்கம்

நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்காவை அச்சகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஆகாசம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்நேரமும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மடிப்பு அறையில் ஆகாயத்துக்கு எங்கே போவது? சுவரின் உச்சியில் கையகலக் கண்ணாடி ஜன்னல் நான்கு, அதன்மேல் காகிதத் தூசி. அண்ணி பார்த்துக்கொண்டிருந்தது ஆகாயத்தை அல்ல, தாளை. அடுத்த மேசையில் பதினோரு வருஷம் நின்ற எனக்குத் தெரியாதா?

எங்கள் வேலையைச் சொன்னால்தான் அவரைச் சொல்ல முடியும். அச்சாகி வரும் தாள் இரண்டு கையையும் விரித்துப் பிடிக்கிற அகலம் இருக்கும். ஒரு புறம் எட்டுப் பக்கம், மறுபுறம் எட்டுப் பக்கம். மூன்று தடவை மடித்தால் பதினாறு பக்கப் புத்தகம். விரித்திருக்கும்போது மட்டும் ஒன்றும் வரிசையில் இருக்காது. இரண்டாம் பக்கத்தை ஒட்டிப் பதினைந்தாம் பக்கம், மூன்றை ஒட்டிப் பதினான்கு. மேல் வரிசை நான்கும் தலைகீழாக நிற்கும். மடித்தால் எல்லாம் தன் இடத்துக்குப் போய்ச் சேரும்.

வருஷா வருஷம் எங்களுக்கு வரும் பெரிய வேலை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான ஒரு வழிகாட்டி. வரலாறு, அரசியல், பொருளியல் மூன்றையும் பிழிந்து பதினாறே பக்கத்தில் அடைத்திருந்தார்கள். அண்ணி தாள் கட்டைத் தட்டி நேராக்கும்போது மேலே தெரிகிற எட்டுப் பக்கத்தையும் ஒரு பார்வை படிப்பார். அதற்குள் கை மடிக்கத் தொடங்கிவிடும். மற்ற எட்டும் தாளின் அடிப்புறம், மடிக்கிற வேகத்தில் கண்ணில் படாது. பதினெட்டு வருஷமாக அவர் படித்தது அந்த எட்டுப் பக்கம் மட்டும்தான். ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம்.

மத்தியானம் நான்கு ஜன்னலிலிருந்தும் வெயில் சாய்ந்து விழும். தூசி அதில் மெல்ல ஏறி இறங்கும். ஆறு பெண்கள் தாளைப் புரட்டும் சத்தம் அலை வந்து போகிற மாதிரி கேட்கும். அந்த நேரத்தில் அண்ணியின் கை மட்டும்தான் அறையில் இருக்கும். ஆள் தாளுக்குள் இறங்கியிருப்பார்.

"நேத்து கனவுல ரெண்டாம் பக்கத்துல இருந்தேன்டி," என்பார் காலையில் பஸ்ஸில். "ராஜா யாரையும் கேக்காம வரி மேல வரியா போட்டுக்கிட்டே இருந்தாரு. எனக்கு மூச்சு முட்டிருச்சு. ஓரத்துல வெள்ளையா ஒரு சந்து போகுது. தாண்டினேன். பதினஞ்சாம் பக்கம். ஒரே கப்பலு. ஏத்துமதி நடக்குது. காத்து என்னமா வருது தெரியுமா?"

"நாடாளுமன்றத்துக்குப் போகலையா?"

"போனேனே. அது மேல் வரிசையில்ல? தலைகீழாத்தான் ஓட்டுப் போட்டேன். முடியெல்லாம் கூரையைத் தொடுது. ஆனா ரகசிய வாக்கெடுப்பு, யாரும் பாக்கல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். நான் நான்காம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். அண்ணி பத்தாவது வரை போனவர். அதிலும் எல்லாப் பாடத்தையும் தனித்தேர்வராக எழுதி முடித்துவிட்டார், சமூக அறிவியல் ஒன்றைத் தவிர. அதில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தார்.

கோட்டை விடாமல் என்ன செய்வார்? புரட்சியைப் பற்றிய கேள்விக்கு அவர் எழுதியதை என்னிடம் ஒப்பித்துக் காட்டினார். அரசர் வரி போட்டார், ரொட்டி விலை ஏறியது, மக்கள் அரண்மனை வாசலில் கூடினார்கள். இது மூன்றாம் பக்கம் முடிய. நான்காம் பக்கம் அடிப்புறம் போனதால் அண்ணி பக்கத்திலிருந்த பதினான்குக்குத் தாவிவிட்டார். உடனே மத்திய வங்கி வட்டியை உயர்த்தியது, விலை இறங்கியது, மக்கள் அமைதியாகக் கலைந்து சென்றனர். விடைத்தாளைத் திருத்தியவர் அன்றைக்கு நாற்காலியிலிருந்து விழாமல் இருந்தால் ஆச்சரியம்.

அதுவரை அது வெறும் வேடிக்கைதான். ஒருநாள் மேனேஜர் மடிப்பு அறைக்கு வந்தார். எங்கள் அறைக்கு அவர் வருவதே அபூர்வம்.

"மடிக்கிற மெஷின் வாங்கியாச்சும்மா. நாலு மாசத்துல வந்துரும். அதுக்கு ஒரு ஆள் போதும். பத்தாவது பாஸ் பண்ணின சர்டிபிகேட் இருந்தா நம்ம ஆளுக்கே பயிற்சி குடுத்துருவாங்க. இல்லேன்னா வெளியிலேருந்துதான் எடுக்கணும்."

மடிப்பு வேலை போகிறதே என்று அங்கே யாரும் கண்ணீர் விடவில்லை. விரல் நுனி வெடித்து, உப்புப் பட்டால் உயிர் போகிற வேலைக்கு என்ன கண்ணீர்? சம்பளம் போகிறதே என்றுதான் கவலை. என் கணவர் லாரியில் மூட்டை ஏற்றி முதுகைப் போக்கிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். எங்கள் வீட்டு அடுப்பு அண்ணியும் நானும் கொண்டுவருவதில்தான் எரிந்தது. ஆறு பேரில் ஒரே ஒரு பாடம் பாக்கி வைத்திருந்தவர் அண்ணி மட்டும்தான். என் வேலை எப்படியும் போகும். அவர் தேறினால் ஒன்றாவது மிஞ்சும்.

"நம்மள யாருடி கேட்டா?" என்றார் அண்ணி அன்று பஸ்ஸில். "இதுவும் ரெண்டாம் பக்கம்தான்."

"கப்பல் வராது அண்ணி. ஒழுங்கா உக்காந்து படிங்க," என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கழிவில் போட்டிருந்த ஒரு தாளைக் கேட்டு வாங்கி வந்து, நானே மடித்து, காய் நறுக்கும் கத்தியால் ஓரம் பிரித்து, ஊசி நூலால் தைத்து அண்ணி கையில் கொடுத்தேன். லட்சம் லட்சமாக மடித்த புத்தகத்தை அன்றுதான் அவர் ஒன்றிலிருந்து பதினாறு வரை புரட்டினார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எழுத்துக்கூட்டிக் கேள்வி கேட்டேன். வெயில் தரையில் நகர்ந்துகொண்டே இருந்தது. உள்ளே என் கணவர் தூக்கத்தில் முனகினார்.

நான்காம் பக்கத்தில் வாசல் உடைந்தது. ஐந்தாம் பக்கத்தில் அரசர் போய்க் குடியரசு வந்தது. அண்ணிக்கு முகம் வாடிவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றார். "ராஜா போயிட்டாரு, அப்புறம் சட்டம் வந்துச்சு, அப்புறம் ஓட்டு வந்துச்சு. ஒண்ணு முடிஞ்சாத்தான் இன்னொண்ணா? என் தாள்ல எல்லாரும் ஒண்ணாத்தானடி இருந்தாங்க."

"பரீட்சைக்கு வரிசையாத்தான் வேணும்."

"நெஜத்துல அப்படி இல்லையே. ஓட்டும் போடுறோம், மேனேஜரும் கேக்காம மெஷின் வாங்குறாரு."

அவர் சொன்னது எனக்கு விளங்கிய மாதிரியும் இருந்தது, விளங்காத மாதிரியும் இருந்தது. அதிலிருந்து எனக்கும் கனவு வர ஆரம்பித்துவிட்டது. பெரிய வெள்ளைத் தாளில் வெறுங்காலோடு நடக்கிறேன். எந்தப் பக்கம் போனாலும் அண்ணி முன்னால் போய்க்கொண்டிருக்கிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை.

பதின்மூன்றாம் பக்கமும் அவர் அதுவரை பார்க்காத பக்கம்தான். நான் விரலை வைத்து மெதுவாகப் படித்தேன். தொழில்நுட்பம் மாறும்போது, புதிய வேலைக்கு வேண்டிய தகுதி இல்லாதவர்கள் வேலை இழப்பார்கள். உழைக்க விருப்பமும் உடலில் வலுவும் இருந்தும் வேலை கிடைக்காத நிலையே வேலையின்மை. படித்து முடித்து நிமிர்ந்தேன். அண்ணி என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பக்கத்தைத் திருப்பிவிட்டார். "விலைவாசியக் கேளு," என்றார்.

பத்து ஞாயிறு இப்படிப் போயின. எத்தனை தடவை கேட்டாலும் மூன்றிலிருந்து பதினான்குக்குத் தாவுவார். நான் கத்துவேன். கோபித்துக்கொண்டு எழுந்து போய்த் துணி மடிப்பார். சட்டையைக்கூட மூன்று மடிப்புத்தான். பிறகு அவரே வந்து உட்கார்ந்து, "வாசலை உடைச்சாங்க, சரிதானே?" என்பார்.

பரீட்சை எழுதி வந்தவர் நேரே போய்த் துணி மடிக்க உட்கார்ந்தார். எப்படி எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, "எழுதியிருக்கேன்," என்றார். வழக்கமாக ஒரு வரி விடாமல் ஒப்பிப்பவர் அன்று ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயத்தில் நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

முடிவு வந்தது. முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. அண்ணி முப்பத்தேழு. மேனேஜர் அவரைப் பயிற்சிக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டார். மற்ற ஐந்து பேருக்கும் மாதக் கடைசி வரைதான் வேலை என்று ஆளுக்கொரு கடிதம் வந்தது. என்னுடையதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே வந்தோம். பாதி வழியில் அண்ணி நின்றார்.

"அஞ்சு மார்க் கேள்வி ஒண்ணு. வேலையின்மைன்னா என்ன, உதாரணத்தோட விளக்குகன்னு."

"பதிமூணாம் பக்கம். எழுதினீங்களா?"

"எழுதினேன். உதாரணத்துக்கு உன்னை எழுதிட்டேன்டி."

"என் பேரையா போட்டீங்க?"

"பேரு போடல. புத்தகத்துல 'ஒரு விவசாயி', 'ஒரு தொழிலாளி'ன்னுதானே போடுறான். நானும் 'ஒரு பெண்'னு எழுதினேன். 'ஒரு பெண் ஓர் அச்சகத்தில் பதினோரு ஆண்டுகள் தாள் மடித்தார். இயந்திரம் வந்தது. அவருக்கு உழைக்க விருப்பம் இருந்தது, உடலில் வலுவும் இருந்தது. சான்றிதழ் இல்லை.' அவ்வளவுதான்."

"நல்லாத்தானே இருக்கு," என்றேன். அண்ணி மேல் பாசமா, பொறாமையா, ஆத்திரமா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மூன்றும் இருந்தன.

"கீழ இன்னொரு வரி எழுதினேன்," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "'இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்'னு. அப்புறம் அடிச்சிட்டேன்."

"ஏன்?"

"யாராவது நம்புவாங்களா? உதாரணம் தப்புன்னு மார்க் குறைச்சிட்டா என்ன பண்றது?"

அண்ணி அழுதுகொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் நுனியெல்லாம் என்னுடையது மாதிரியே வெடித்திருந்தது.

"அடிச்சது நல்லதுதான் அண்ணி," என்றேன். "ரெண்டு மார்க்லதானே தப்பிச்சிருக்கோம்."