பெரிய மரங்கள் நின்ற இடம்

அலையாத்திக் காட்டில் மரங்களின் சுற்றளவை அளப்பது அவள் வேலை. அதை வைத்துத்தான் காடு காற்றிலிருந்து எவ்வளவு கரிமத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று ஆராய்ச்சி நிலையத்தில் கணக்கிடுவார்கள். கழுத்தில் எப்போதும் நாடா தொங்கும் என்பதால் தெருவில் அவள் பெயர் டெய்லரக்கா.

அண்ணன்தான் நிலையத்தின் படகோட்டி. சேற்றில் கால் வைக்கப் பிடிக்காமல் படகிலேயே படுத்துக்கிடப்பான். பெரிய மரம் ஒன்றைக் கண்டுவிட்டால் அன்று சாப்பிடும்போது அவளுக்கு அதே பேச்சுதான். எந்தப் பக்கம், எவ்வளவு பருமன் என்று அண்ணனும் விடாமல் கேட்பான். தன் வேலையை வீட்டில் ஒருவராவது மதிக்கிறாரே என்று அவளுக்குப் பூரிப்பு.

மழைக்காலம் முடிந்து மறுபடி போனபோது பெரிய மரங்கள் நின்ற இடமெல்லாம் அடிக்கட்டைகள். ஒல்லி மரங்களை யாரும் தொடவில்லை. படகுக்கு ஓடிவந்தாள்.

"அண்ணா, பெருசா பார்த்துப் பார்த்து வெட்டியிருக்காங்க!"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இறால் பண்ணைக்காரங்க மரம் கேட்டாங்க. நான் வெட்டல. இடத்தை மட்டும்தான் சொன்னேன்."

"இடத்தை உனக்கு யாரு சொன்னது?"

"ஏறு, தண்ணி வத்துது."

அவள் ஏறவில்லை. திரும்பிப் போய் அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாக அளந்தாள். நண்டு பிடிக்க வந்த பெண்ணின் படகில் கரை சேர்ந்து, நேரே நிலையத்துக்குப் போய் அண்ணன் பெயரைச் சொன்னாள். அவனுக்கு அங்கே வேலை போயிற்று.

"கூடப்பொறந்தவனையே காட்டிக் கொடுத்துட்டியேடி" என்றாள் அம்மா. காட்டில் வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.