முதல் குத்து தாய்மாமன் மடியில்

எங்கள் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: வாடிக்கையாளர் அழாமல் திரும்பிப் போனால்தான் நாங்கள் கவலைப்பட வேண்டும்.

நான் கிராம சுகாதார செவிலியர். ஓசூர் ஓரத்தில், கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற வழியில், கம்பெனி ஆட்கள் வாடகைக்கு இருக்கும் வரிசை வீடுகள் என் எல்லை. புதன்கிழமை தோறும் சுகாதாரத் துணைநிலையத்தில் தடுப்பூசி. ஒன்றரை மாதப் பிள்ளையை முதன்முதலாக ஊசிக்குத் தூக்கி வந்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்ற அப்பாக்களே, பிள்ளைக்கு முன்னால் அழ ஆரம்பித்த அம்மாக்களே, நானும் உங்கள் கட்சிதான். ஊசி என் கையில் இருப்பதால் வெளியே காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

தொடை

ஒன்றரை மாதத்தில் வாய்க்குச் சொட்டு மருந்து, வலது கையில் சின்னதாக ஒரு குத்து, இரண்டு தொடையிலும் ஒவ்வொரு ஊசி. இதற்கு வீட்டை முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். பால் கொடுத்துக் கூட்டி வாருங்கள், தளர்வான சட்டை போடுங்கள், ராத்திரி காய்ச்சல் வரும், பயப்படாதீர்கள், ஊசி போட்ட இடத்தில் காப்பித்தூள் அப்பாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்ல வேண்டும். எங்கள் வரிசையில் ஒரு கதவு தமிழ், அடுத்த கதவு தெலுங்கு, அதற்கடுத்தது கன்னடம். இங்கே காய்ச்சல் என்றால் அங்கே ஜ்வரம். நாக்குப் புரண்டு புரண்டு மத்தியானத்துக்குள் எனக்கே என் பாஷை மறந்துபோகும்.

ஆனால் தொடைக்கு வந்தால் மட்டும் எல்லாக் கதவிலும் தலையாட்டுகிறார்கள். தமிழில் தொடை, தெலுங்கில் தொட, கன்னடத்தில் தொடெ. இது எனக்கு முதன்முதலில் உறைத்த அன்று நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டேன். உடன் வந்த அங்கன்வாடி ராதம்மாவிடம் இந்த அதிசயத்தைச் சொன்னேன். வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் என்னிடம் தமிழும் பேசுகிறவர் அவர். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"எந்த பாஷக்காரங்க புள்ளயா இருந்தாலும் குத்துற எடம் ஒண்ணுதான நர்சம்மா, அதுக்கு எதுக்கு மூணு பேரு?"

எவ்வளவு போடணும்?

சுனிதா ஒடிசாவிலிருந்து வந்த பெண். கணவனுக்கு வார்ப்படக் கம்பெனியில் வேலை. அவளிடம் புதன்கிழமை ஊசி என்று சொல்லும் பொறுப்பு ராதம்மாவுக்கு. தமிழில் 'ஊசி' என்று சொல்லியிருக்கிறார், புரியவில்லை. தெலுங்கில் 'சூதி', அதுவும் புரியவில்லை. கடைசியாகக் கன்னடத்தில் 'சூஜி' என்றதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டதாம். வேலை முடிந்தது என்று ராதம்மா அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை சுனிதா ஒரு கையில் பிள்ளையும் இன்னொரு கையில் ஒரு பாக்கெட் ரவையுமாக வந்து நின்றாள். அவர்கள் பாஷையில் சூஜி என்றால் ரவையாம். தாய்ப்பால் தவிர எதுவும் கொடுக்கக்கூடாத பிள்ளைக்கு வீட்டிலேயே கிண்டி ஊட்டியிருந்தால்? நல்லவேளை, ராதம்மா புதன் என்று சொன்னதால் புதன்வரை காத்திருந்தாள். பெற்றவர்கள் எங்கோ இருக்க, பாஷை தெரியாத ஊரில், யாரோ ஒரு பெண் வாசலில் நின்று சொன்ன ஒரே ஒரு வார்த்தையை நம்பிப் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். இவ்வளவு நம்பிக்கையை நாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தோன்றியது. அவளோ மேசைமேல் பாக்கெட்டை வைத்துவிட்டு, கம்பெனிக்காரர்களிடம் பழகிய அரைகுறைத் தமிழில் நிதானமாகக் கேட்டாள்.

"சூஜி கொண்டுவந்தேன் அக்கா, எவ்ளோ போடணும்?"

பூட்டிய வீடு

அதே புதன்கிழமை பிள்ளையின் முதல் ஊசிக்கு வரவேண்டிய ஜெயந்தி வரவில்லை. வீட்டுக்குப் போனேன். வெளியே பூட்டு, உள்ளே மின்விசிறிச் சத்தம். பின்கதவு வழியாகப் போய்ப் பிடித்துவிட்டேன். மடியில் கொழுகொழுவென்று பெண்பிள்ளை, என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"எங்க வழக்கத்துல புள்ள உடம்புல மொதக் குத்து தாய்மாமன் மடியிலதான் நர்சம்மா. எங்கண்ணன் வரட்டும்" என்றாள். அது காதுகுத்துக்கு அம்மா என்றேன். "காதுன்னா என்ன, காலுன்னா என்ன? குத்து குத்துதான்." பிறந்தபோதே ஆஸ்பத்திரியில் இடது கையில் ஊசி போட்டாயிற்றே என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தாள். "அப்ப நான் மயக்கத்துல இருந்தேன். நான் கண்ணால பாக்காதது கணக்குல வராது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். காரணம் இருக்கிறது. அந்த வரிசையின் கடைசி வீட்டுப் பெண்ணுக்கு இருமல் நிற்கவில்லை. கக்குவானாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கக்குவான் வந்த ஒரு கைக்குழந்தை இருமி இருமி மூச்சு கிடைக்காமல் நீலம் பாரித்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த நோயைத் தடுக்கிற மருந்து இந்த முதல் ஊசியில்தான் இருக்கிறது. இவள் அண்ணனுக்காகக் காத்திருக்கிறாளாம்! அந்த அண்ணன் பெருமாள் இவளோடு பேசுவதே கிடையாது. பெற்றோர் போனபின் நாகரசம்பட்டியிலிருந்து தங்கையைக் கூட்டிவந்து ஓசூரில் படிக்கவைத்தவர். ஜவளகிரியைச் சேர்ந்த, வீட்டில் கன்னடம் பேசும் வெங்கடேஷை அவள் தானாகக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவளைத் தலைமுழுகிவிட்டார். வழக்கம் என்பதெல்லாம் சாக்கு, அண்ணனை வரவழைக்கப் பிள்ளையை முன்னால் நிறுத்துகிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வராத மனுஷனுக்காகப் பிள்ளையைப் பலி கொடுக்கப் போகிறாயா என்று கத்திவிட்டேன். அவள் பதறவில்லை. பிள்ளையின் தொடையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"எங்கண்ணன் இன்னும் என் நம்பர பிளாக் பண்ணல நர்சம்மா."

கட்டமும் வட்டமும்

அன்று மத்தியானம் துணைநிலையத்துக்குத் திரும்பி மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது வெங்கடேஷ் வந்தார். கார் உதிரிபாகக் கம்பெனியில் சரக்கின் தரம் பார்க்கும் வேலை. மருந்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். குப்பியை எடுத்து லேபிளைக் காட்டினேன். அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் வெளிறிய சின்னக் கட்டம். வழியில் எங்காவது மருந்துக்குச் சூடு பட்டால் கட்டம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். மனுஷன் குப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோயில் கருவறையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இத்தனை கைமாறி வந்த இந்தத் துளி மருந்து, தனக்கு என்ன நடந்தது என்று தானே சொல்லுமா என்று கேட்டுக் கேட்டு மாய்ந்துபோனார். இத்தனை வருஷமாக அந்தக் கட்டத்தைப் பார்க்கிற எனக்கும் அன்றைக்குத்தான் அது அதிசயமாகப் பட்டது.

சந்தர்ப்பத்தை விடுவேனா? உங்களுக்குத்தான் நம்பிக்கை வந்துவிட்டதே, ஜெயந்தி கேட்காவிட்டால் நீங்களே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றேன். குப்பியை மெதுவாக என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"என்னால அவ ஒரு அண்ணன இழந்துட்டா நர்சம்மா, இதுலயும் அவளுக்குத் தெரியாம ஏதாச்சும் செஞ்சா நான் என்னா புருஷன்?"

ராங் நம்பர்

ஜெயந்தியிடம் எண்ணை வாங்கி நானே பெருமாளுக்கு போன் போட்டேன். பின்னால் லாரி இரைச்சல். உங்கள் தங்கச்சி பிள்ளைக்கு ஊசி போட வேண்டும் என்றதும், "எனக்குத் தங்கச்சின்னு யாரும் இல்லீங்க. ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். தங்கச்சி வேண்டாம், பிள்ளையைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று கடைசி வீட்டு இருமலைச் சொன்னேன், கக்குவான் என்ன செய்யும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன், அடுத்த புதன்கிழமை துணைநிலையத்துக்கு வாருங்கள் என்றும் சொன்னேன். லாரி இரைச்சல் குறைந்தது, போனோடு ஓரமாக நடந்து போயிருப்பார் போல. அப்புறம் குரல் வந்தது.

"ராங் நம்பர்னு சொன்னன் இல்ல? நீங்க ஊசியப் போட்டு விடுங்க, எதுக்கு என்னைக் கேக்குறீங்க?"

வழியை மறித்தவர்

அடுத்த புதன்கிழமை. அண்ணன் போனில் சொன்னதை முன்னாலேயே சொல்லியும் ஜெயந்தி விடிந்ததும் வெங்கடேஷோடு பிள்ளையைத் தூக்கி வந்து உள்ளே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டி மூடும்வரை பார்ப்பது, அண்ணன் வராவிட்டால் வெங்கடேஷ் மடியில் வைத்து நான் போட்டுவிடுவது என்று ஒப்பந்தம். கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. கேட்டருகே கம்பெனி சட்டையில் ஒருவர் காலையிலிருந்தே பைக்கை நிறுத்திக்கொண்டு போகிற வருகிறவர்களை இடைஞ்சல் செய்துகொண்டிருந்தார். யாரோ பிள்ளையின் அப்பா, உள்ளே வரப் பயம் போலிருக்கிறது என்று நினைத்து, "வழிய மறிக்காம ஓரமா நில்லுங்க" என்று இரண்டு முறை அதட்டினேன். ஓரமாக நகர்ந்தார், ஆனால் இடத்தை விட்டுப் போகவில்லை.

எல்லோரும் போனபின் பிள்ளையை வாங்கி வெங்கடேஷ் மடியில் வைத்தேன். ஜெயந்தி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வாயில் சொட்டு விட்டாயிற்று. ஊசியை எடுக்கும்போது வாசலில் நிழல் தட்டியது. அதே கம்பெனி சட்டை. கையில் துணிக்கடைப் பை. உள்ளே குட்டிச் சட்டை, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. யாரையும் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மடியை விரித்தார். வெங்கடேஷ் எழுந்து பிள்ளையை அந்த மடியில் வைத்தார்.

கையில் குத்தியதும் பிள்ளை வீறிட்டது. இரண்டு தொடையும் முடிவதற்குள் பெருமாளின் கண்ணீர் பிள்ளையின் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை, இரண்டு கையும் பிள்ளையைப் பிடித்திருந்தன. "அடுத்த ஊசி எப்பங்க?" என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சுவர்ப்பக்கமிருந்து ஜெயந்தி, "நாலு வாரம் கழிச்சுண்ணா" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு தங்கை முகத்தை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு அதட்டினார்.

"உன்ன யாரு கேட்டா? அழுவுது பாரு, புள்ளயத் தூக்கிப் பால் குடு!"

இப்போது அந்த வரிசையில் எந்த பாஷைக்காரர் வீட்டிலும் தாய்மாமன் வராமல் முதல் ஊசி கிடையாது என்றாகிவிட்டது. மருந்தை வேளை தவறாமல் அனுப்பிவைக்கிற சர்க்கார், மாமன்மார் உட்கார நாலு நாற்காலி கேட்டால் மட்டும் காதில் வாங்கிக்கொள்வதே இல்லை.